கீழூரில் கேட்கப்பெற்ற கேள்வி

1783-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இங்கிலாந்தும் பிரான்சும் வெர்சேல்ஸ் நகரில் கையொப்பமிட்ட சமாதான உடன்படிக்கையைப் புரட்டிப் பார்ப்பவர், மேற்கிந்தியத் தீவுகளையும் ஆப்பிரிக்கக் கடற்கரைக் கோட்டைகளையும் பங்கிட்டுக்கொள்ளும் ஷரத்துக்களுக்கு நடுவே, வில்லியனூர், பாகூர் என்னும் இரண்டு ஊர்ப் பெயர்களைக் கண்டு வியப்படைவார். யுத்தத்தில் இழந்த புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பித் தருகையில், அதனைச் சூழ்ந்த இவ்விரு நாட்டுப்புறங்களும் அதனோடு சேர்த்துத் தரப்பெறும் என்று இரண்டு மன்னர்களின் மந்திரிகள் எழுதி முடித்தனர். சங்கராபரணி ஆற்றங்கரையிலே ஏர் பூட்டிக்கொண்டிருந்த குடியானவனுக்கோ, பாகூர் ஏரியின் மதகடியில் நீர்ப் பாய்ச்சலுக்குக் காத்திருந்தவனுக்கோ, தன் ஊர் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறிய செய்தி எத்தனை மாதங்களுக்குப் பின் எட்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பது நன்று. அதற்கு முன்னரும், கர்நாடக நவாபு பதவிக்காக நடந்த போட்டியில் சந்தா சாகிபின் பக்கம் நின்றதற்குச் சன்மானமாக, 1749-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே பிரதேசங்கள் பிரெஞ்சுக்காரருக்கு வழங்கப்பட்டிருந்தன. 1793-இல் ஆங்கிலேயர் அவற்றை மீண்டும் பிடித்தனர். 1816-இல் மீண்டும் திருப்பித் தந்தனர். இத்தனை கைமாற்றங்களில் ஒருமுறையேனும், அங்கே வாழ்ந்த ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கப்பெற்றதில்லை.

கூடிப் பேசித் தீர்மானிக்கும் வழக்கம் இந்த மண்ணுக்குத் தெரியாதிருந்தது என்று எவரும் கருதிவிட வேண்டா. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், அவ்வூரில் இருந்த வித்தியாஸ்தானம் ஒன்றின் பராமரிப்புக்காக மூன்று கிராமங்கள் தானமாக விடப்பெற்ற செய்தியைக் கூறுகின்றன. அங்குள்ள மூலநாதர் ஆலயத்துக் கல்வெட்டுக்களோ, வாகூர் என்று அக்காலத்தில் வழங்கிய அவ்வூரின் சபையை நமக்கு அறிமுகம் செய்கின்றன. அத்தகைய சபைகள் எவ்வாறு இயங்கின என்பதற்குத் தொண்டை நாட்டு உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியனவாக, வெட்டப்பெற்ற சாசனங்கள் விரிவான சாட்சியாக நிற்கின்றன. குடும்பு என்னும் ஊர்ப்பகுதிதோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆட்களை அமைத்த அந்த முறைமையில் ஒழுக்கம் இருந்தது. கணக்குக் காட்டாதவனை விலக்கி வைக்கும் கண்டிப்பும் இருந்தது. ஆயினும் அந்தச் சபையில் அமர்வதற்கு நிலமும் மனையும் வேதப் பயிற்சியும் வேண்டியிருந்தன. ஏரியில் மண் எடுத்தவனும், வயலில் நாற்று நட்டவளும், சபையின் முடிவுகளுக்குக் கட்டுப்பட்டவர்களேயன்றி, சபையின் முன் ஒரு பொருளை வைத்து அதனைத் தீர்மானிக்கச் செய்யும் உரிமை பெற்றவர்களல்லர். பழம்பெருமை பேசுவோர் இதனையும் சேர்த்துப் பேசுதல் கடமையாகும்.

பிரெஞ்சு ஆட்சியின் பிற்பகுதியில் வாக்குரிமை வந்தது. அதுவும் இந்தியாவின் பிற பகுதிகளில் எவரும் கனவு காணாத காலத்திலேயே வந்தது. 1848-ஆம் ஆண்டுப் புரட்சியின் விளைவாகப் பிரான்சில் ஆடவர் அனைவருக்கும் கிடைத்த வாக்கு, கடல் கடந்து புதுச்சேரிக்கும் நீட்டப்பெற்றது. 1871 முதல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு இங்கிருந்து பிரதிநிதி சென்றார். 1880-ஆம் ஆண்டு ஆணையினால் கொம்யூன்கள் என்னும் உள்ளாட்சி வட்டங்கள் ஏற்பட்டன. வில்லியனூரும் பாகூரும் அப்பொழுதே தத்தமக்கென மேர் என்னும் ஒரு தலைவரும் ஒரு முனிசிபல் சபையும் பெற்ற கொம்யூன்களாயின. 1907-இல் பெரிய கொம்யூன்கள் பிரிக்கப்பெற்று மொத்தம் 17 ஆயின. நெட்டப்பாக்கமும் திருபுவனையும் அவ்வாறு தனித்தனிக் கொம்யூன்களாக உருவானவையே. ஏட்டளவில் இவையெல்லாம் மேன்மையான ஏற்பாடுகள். நடைமுறையிலோ, 1884-ஆம் ஆண்டு விதிகளின்படி வாக்காளர்கள் ஐரோப்பியர், ரெனோன்சான் எனப்பட்ட தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்த இந்தியர், ஏனைய இந்தியர் என மூன்று ஜாபிதாக்களாகப் பிரிக்கப்பட்டு, விரல்விட்டு எண்ணத்தக்க ஐரோப்பியரின் ஜாபிதா பெருந்திரளான ஜனங்களின் ஜாபிதாவோடு சமமாக நிறுத்தப்பட்டது. அந்தப் பெருந்திரளின் தலைவராக எழுந்து, சனாதன தர்மத்தைக் காப்பதாகச் சொல்லிப் பல்லாண்டுகள் தேர்தல்களைத் தம் கைக்குள் வைத்திருந்த சண்முக வேலாயுத முதலியாரின் காலத்தில், வாக்குப் பெட்டியைவிட அதைச் சூழ்ந்து நின்ற தடிகளே அதிகம் பேசின. நாட்டுப்புறத்து வாக்காளனுக்கு வாக்கு என்பது, தான் நினைத்ததைச் சொல்லும் கருவியாக அன்றி, தன் மிராசுதாரர் நினைத்ததை ஊர்ஜிதம் செய்யும் சடங்காகவே நெடுங்காலம் இருந்தது.

வாக்கு இவ்வாறிருக்க, மகஜர் வேறொரு பாதையில் நடந்தது. கால்வாய் தூர்ந்தது, வரி மிகுந்தது, சுடுகாட்டுக்கு வழியில்லை என்ற குறைகளை எழுதி, ஊரார் கைநாட்டும் கையொப்பமும் வைத்து, மேரிடமோ கவர்னரிடமோ சமர்ப்பிக்கும் பழக்கம் நம் கிராமங்களில் வாக்குரிமைக்கு மூத்தது. ஆனால் மகஜருக்கு ஒரு குறை உண்டு: அதனைப் பெற்றுக்கொண்டவர் படிக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். வாக்குக்கு மற்றொரு குறை உண்டு: ஆட்களைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர, இன்ன காரியம் வேண்டும், இன்ன காரியம் வேண்டா என்று அதன் மூலம் சொல்ல இயலாது. இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்து, குறிப்பிட்ட தொகையினர் கையொப்பமிட்டால் அவர்கள் எழுப்பும் பொருளை ஊரார் அனைவரின் வாக்குக்கும் விட்டே தீரவேண்டும் என்று செய்வதுதான், உலகத்தின் சில தேசங்கள் கண்டறிந்த வழி. சுவிட்சர்லாந்து தேசத்தில் 1891-ஆம் ஆண்டு முதல் 50,000 பிரஜைகள் கையொப்பமிட்டால் அரசியல் சாசனத்தில் ஒரு திருத்தத்தை நாட்டின் வாக்குக்கு வைக்கலாம் என்று விதித்தார்கள்; இப்பொழுது அத்தொகை 100,000. அங்குள்ள கான்டன்கள் என்னும் மாநிலங்களிலும் சிற்றூர்களிலும் பள்ளிக்கூடம், பாலம் போன்ற உள்ளூர்க் காரியங்களுக்கும் இம்முறை வழங்குகிறது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம் 1902-இல் இவ்வழியை மேற்கொண்டு பிற மாநிலங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. நம் புதுச்சேரியை ஆண்ட பிரான்சோ, தன் சொந்தக் கொம்யூன்களின் வாக்காளர்களுக்கு, ஒரு பொருளை உள்ளூர்ச் சபையின் ஆலோசனைக்கு வைக்குமாறு மனுக் கொடுத்துக் கேட்கும் உரிமையை 2003-ஆம் ஆண்டு சாசனத் திருத்தத்தின் மூலமாகவே அளித்தது. 1880-இல் வில்லியனூருக்கும் பாகூருக்கும் முனிசிபல் சபை தந்த அரசாங்கம், அவ்வுரிமையைத் தன் மக்களுக்குத் தருவதற்கே 123 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

இனி, 1946-க்குப் பிந்தைய சரித்திரத்துக்கு வருவோம். இக்கட்டுரையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. மகா யுத்தம் முடிந்தபின் இயற்றப்பெற்ற பிரெஞ்சுக் குடியரசின் சாசனத்தில், 27-ஆம் ஷரத்து, சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதமின்றி எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுத்தல் செல்லாது என்று விதித்தது. வெர்சேல்ஸில் ஊர்களைப் பெயர் சொல்லிக் கைமாற்றிய ராஜ்யம், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதனைத் தனக்குத் தானே தடை செய்துகொண்டது. இந்தியா விடுதலை பெற்றபின் இரு சர்க்கார்களும் 1948 ஜூன் மாதத்தில் கடிதப் பரிமாற்றம் செய்துகொண்டு, பிரெஞ்சிந்திய மக்கள் தம் எதிர்காலத்தைத் தாமே தீர்மானிப்பர் என்று ஒப்பினர். ஆனால் வாக்கெடுப்பு எந்நாளில், எம்முறையில் நடைபெற வேண்டும் என்பதை வகுக்கும் பொறுப்பு முனிசிபல் சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரஜைகளிடத்தில் அன்று, அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களிடத்தில்! அச்சபைகளுக்கு அவ்வாண்டு அக்டோபரில் நடந்த தேர்தலில், பிரெஞ்சு ஆட்சியை ஆதரித்த எதுவார் குபேரின் கட்சி வென்றது. வாக்கெடுப்பு ஒத்திப்போடப்பட்டுக்கொண்டே வந்தது.

வங்காளத்துச் சந்திரநாகூர் மட்டும் முந்திக்கொண்டது. 1949 ஜூன் 19-ஆம் நாள் அந்நகரத்து வாக்காளர்கள் தாமே நேரில் வாக்களித்தனர். இந்தியாவோடு இணைப்புக்கு ஆதரவாக 7,473 பேர், எதிராக 114 பேர். பிரெஞ்சிந்தியாவில் சாதாரணப் பிரஜை ஒருவன் இந்த இணைப்புக் கேள்விக்கு ஆம், இல்லை என்று தன் கையாலேயே விடையளித்தது அந்த ஒரு தடவைதான். புதுச்சேரிப் பகுதியிலும் அவ்வாறே நடத்தலாமா என்று ஆராய்வதற்கு, சர்வதேச நீதிமன்றத்தின் வாயிலாக நியமனம் பெற்ற நடுநிலைப் பார்வையாளர்கள் 1951-இல் இங்கு வந்து சுற்றிப் பார்த்து, ஜனங்கள் அச்சமின்றி வாக்களிப்பதற்குரிய நிலைமை இல்லை என்று கருத்துரைத்தனர். அதன் பின்னர் இந்திய சர்க்கார் வாக்கெடுப்பு யோசனையையே கைவிட்டு, நேரடி இணைப்பைக் கோரத் தொடங்கிற்று. அடியாட்களின் கொட்டத்தை அடக்கி, வாக்காளர் பட்டியலைச் சீர்செய்து, வாக்குச் சாவடியைக் காவல் செய்து, மக்களைக் கேட்பதற்குரிய சூழ்நிலையை உண்டாக்குவதற்குப் பதிலாக, சூழ்நிலை சரியில்லை என்பதனாலேயே அவர்களைக் கேட்காமல் விட்டனர். அந்தக் காலத்து நெருக்கடிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், குண்டர்கள் செய்த குற்றத்துக்காகக் குடிமக்கள் தம் உரிமையை இழந்தார்கள் என்பதை மறுக்க வழியில்லை.

1954-ஆம் ஆண்டு பிறந்தபொழுது காரியங்கள் விரைந்தன. மார்ச் 18-ஆம் நாள் புதுச்சேரிப் பகுதியின் எட்டுக் கொம்யூன்களும், வில்லியனூரும் பாகூரும் உட்பட, வாக்கெடுப்பில்லாமலே இந்திய யூனியனோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் செய்தன. பிரெஞ்சு ஆட்சியின் தூணாக இருந்த குபேரே பக்கம் மாறி, மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். புதுச்சேரி நாட்டின் நிலப்பரப்பு ஒரே தொகுதியாக இல்லாமல் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்ததும், பிரெஞ்சுக் கிராமத்துக்கும் பிரெஞ்சுக் கிராமத்துக்கும் இடையே இந்திய நிலம் ஊடுருவி நின்றதும் இப்போராட்டத்துக்குப் பேருதவியாயின. நாட்டுப்புறக் கொம்யூன்கள் ஒவ்வொன்றாகக் கை நழுவின. அவ்வாண்டு மே மாதத்தில் இந்தோசீனத்தின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தபின், பிரதமர் பதவிக்கு வந்த மென்தேஸ் பிரான்ஸ் ஆசியாவில் வீண் பிடிவாதம் வேண்டா என்று துணிந்தார். ஆனால் 27-ஆம் ஷரத்து குறுக்கே நின்றது. மக்களின் சம்மதம் என்ற அந்த நிபந்தனையை எவ்வாறேனும் நிறைவேற்றியாக வேண்டும். மக்களையோ நேராகக் கேட்பதற்கு இரு தரப்பும் விரும்பவில்லை. நடுவழியாக, மக்கள் பிரதிநிதிகளைக் கூட்டிக் கேட்பது என்று தீர்மானித்தார்கள்.

அதற்குத் தேர்ந்த இடம் நகரத்துச் சபாமண்டபமன்று. வில்லியனூர்க் கொம்யூனில், மங்கலத்தை அடுத்துள்ள கீழூர் என்னும் சிற்றூர். 1954 அக்டோபர் 18-ஆம் நாள், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதி சபை உறுப்பினரும் முனிசிபல் சபை உறுப்பினருமாக 178 பேர் அங்கே கூடினர். இணைப்பை ஆதரித்தோர் 170 பேர். எதிர்த்தோர் 8 பேர். மூன்று நாட்களில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் அங்கீகாரத்துக்காகக் காத்திருந்து 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் நிறைவேறிற்று. கீழூரில் இன்று நினைவுமண்டபம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 16 அன்று அங்கே கொடியேற்றி மரியாதை செய்கிறார்கள். அந்த 170 பேரின் முடிவு நியாயமானது என்பதிலும், அது பெருவாரியான ஜனங்களின் உள்ளக்கிடக்கையைப் பிரதிபலித்தது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. மாறுபட்ட அபிப்பிராயத்தை அஞ்சாமல் பதிவு செய்த அந்த 8 பேரும், அதனைத் திருத்தாமல் எழுதி வைத்த அந்தச் சபையும் என் மதிப்புக்குரியவர்களே. எதிர்ப்பைப் பதிவு செய்ய இடமிருந்ததனால்தான் அது வாக்கெடுப்பு என்னும் பெயருக்குத் தகுதி பெற்றது. ஆயினும் கீழூர்க் குடியானவன், தன் ஊரிலேயே, தன் கண்ணெதிரிலேயே, தன் தேசம் எது என்ற கேள்வி எழுப்பப்பெற்று விடை காணப்பெற்ற அந்த நாளில், பந்தலுக்கு வெளியே நின்றான் என்பதும் சரித்திரம்.

இதன் பின்னர் வந்த ஒரு ஷரத்தைப் புதுச்சேரியார் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துவைத்தல் தகும். 1956 மே 28-ஆம் நாள் புதுதில்லியில் கையொப்பமான உடன்படிக்கையின் இரண்டாம் ஷரத்து, இப்பகுதிகளின் தனி நிர்வாக அந்தஸ்து தொடரும் என்றும், அதில் பின்னாளில் செய்யக்கூடிய எந்த அரசியலமைப்பு மாறுதலும் மக்களின் விருப்பத்தைக் கேட்டறிந்த பின்னரே செய்யப்பெறும் என்றும் கூறுகிறது. இரண்டு தேசங்கள் கையெழுத்திட்டுத் தந்த வாக்குறுதி இது. ஆனால் அந்த விருப்பத்தை யார் கேட்பது, எவ்வாறு கேட்பது, கேட்கத் தவறினால் ஜனங்கள் தாமே முன்வந்து அதனை வாக்குக்கு வைக்கும்படி எவ்வாறு கோருவது என்று ஒரு வரியும் இல்லை. இதன் விளைவு 1979 ஜனவரியில் வெளிப்பட்டது. புதுச்சேரியை அண்டை மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்னும் கருத்தை அன்றைய பிரதமர் மொரார்ஜி தேசாய் வெளியிட்டபொழுது, ஜனங்கள் தம் மறுப்பைத் தெரிவிக்கத் தெருவைத் தவிர வேறிடம் இருக்கவில்லை. கடையடைப்பும் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்து உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இணைப்பு யோசனை கைவிடப்பட்டது. சில ஆயிரம் கையொப்பங்களும் ஒரு நாள் வாக்கெடுப்பும் அமைதியாக முடித்திருக்கக்கூடிய காரியத்துக்கு மனித உயிர்களை விலையாகக் கொடுத்தோம்.

பெரிய விஷயங்கள் கிடக்கட்டும். சிறு விஷயங்களின் நிலை இன்னும் பரிதாபமானது. பிரெஞ்சுக் கால ஆணையின்படி புதுச்சேரியில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1968-இல். 1973-ஆம் ஆண்டு நகராட்சிகளுக்கும் கொம்யூன் பஞ்சாயத்துக்களுக்கும் புதுச் சட்டங்கள் இயற்றப்பெற்றன. அவற்றின்படி தேர்தல் நடந்ததோ, நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, 2006-இல். இடையில் 38 ஆண்டுகள்! ஒரு தலைமுறை பிறந்து, படித்து, மணம் செய்து, பிள்ளை பெற்று, ஒருமுறைகூடத் தன் கொம்யூன் பஞ்சாயத்துக்கு வாக்களிக்காமல் நடுவயதை எட்டியது. 2006-இல் தேர்ந்தெடுக்கப்பெற்றோரின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவிக்கப்பெற்ற தேர்தல் இட ஒதுக்கீடு சம்பந்தமான வழக்கினால் நின்றுபோயிற்று. பாகூரிலும் வில்லியனூரிலும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் இருக்கிறது, ஆணையர் இருக்கிறார், வரி வசூல் நடக்கிறது. ஊரார் தேர்ந்தெடுத்த சபை மட்டும் இல்லை. 1880-இல் அன்னிய ஆட்சியின் கீழ்ப் பெற்றிருந்ததை, சுதந்திர தேசத்தின் பிரஜைகளாக அவர்கள் இழந்து நிற்கிறார்கள்.

நம் தேசத்தின் வேறு பகுதிகளில் இவ்வுரிமையின் முளைகள் தோன்றியிருக்கின்றன என்பது ஆறுதலான செய்தி. மகாராஷ்டிர மாநிலத்தில், ஒரு கிராமத்தின் பெண் வாக்காளர்களில் 25 விழுக்காட்டினர் கையொப்பமிட்டு மனுக் கொடுத்தால், அவ்வூர்ச் சாராயக்கடை இருக்கலாமா, மூடலாமா என்று ரகசிய வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். நிமிர்ந்து நிற்கும் புட்டி ஒரு சின்னம், படுத்துக்கிடக்கும் புட்டி மற்றொரு சின்னம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பிழையின்றி முத்திரை குத்தலாம். பட்டியலிலுள்ள பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் படுத்த புட்டியை ஆதரித்தால் கடை மூடப்பெறும். ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வரலாமா என்ற கேள்வியை, 2013-இல் உச்ச நீதிமன்றம் அம்மலைவாசிகளின் கிராம சபைகளுக்கே விட்டது, கூடிய 12 கிராம சபைகளும் வேண்டா என்று தீர்மானித்தன, சுரங்கம் நின்றது. இந்த இரண்டு உதாரணங்களிலும் நான் முக்கியமாகக் காண்பது முடிவையன்று. படிப்பில்லாதவர்கள், பாமரர்கள் என்று ஒதுக்கப்பெற்றவர்கள், தம் வாழ்வைத் தொடும் ஒரே ஒரு கேள்வி தெளிவாக முன்வைக்கப்பெற்றபொழுது, ஆழ்ந்த பொறுப்போடு விடையளித்தார்கள் என்பதையே காண்கிறேன். 1951-இல் பார்வையாளர்களும், 1954-இல் ராஜதந்திரிகளும் எந்த ஜனங்களைக் கேட்கத் தயங்கினார்களோ, அவர்களைப் போன்றவர்களே இவர்கள்.

வில்லியனூர்த் திருக்காமேசுவரர் கோயில் தேர்த்திருவிழாவில் பிரெஞ்சுக் கவர்னர் வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைப்பது வழக்கமாக இருந்தது. இப்பொழுது துணைநிலை ஆளுநர் அவ்வழக்கத்தைத் தொடர்கிறார். ஆட்சியாளரை ஊர்வடத்தில் கை வைக்கச் செய்யும் பண்பு அவ்வூருக்கு இருக்கிறது. ஊர்க்காரியத்தில் ஊராரின் கை படுவதற்கும் வழி செய்ய வேண்டாமா? சாராயக்கடை எங்கே இருக்கலாம், ஏரிக்கரை நிலத்தை யாருக்கு விடலாம், குப்பை கொட்டும் இடம் எந்தக் கிராமத்தின் தலையில் விழலாம் என்பவற்றைப் பற்றி, வாக்காளர்களில் இத்தனை விழுக்காட்டினர் கையொப்பமிட்டால் கொம்யூன் முழுவதும் வாக்கெடுப்பு நடைபெறும் என்று ஒரு விதியை 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்ப்பதற்குப் புதுச்சேரிச் சட்டமன்றத்துக்குத் தடை எதுவும் இருப்பதாக நான் அறியேன். அதற்கு முந்திய படியாக, நின்றுபோன உள்ளாட்சித் தேர்தலை நடத்துதல் வேண்டும். இவ்விரண்டையும் கேட்டுப் பாகூரும் வில்லியனூரும் ஒரு மகஜர் எழுதட்டும். கீழூர் நினைவுமண்டபத்துக்கு எதிரே உட்கார்ந்து, அக்கம்பக்கத்துக் கிராமத்தார் அனைவரும் அதில் கையொப்பமிடட்டும்.